நண்டுக்கு வழிவிட்ட தேர்



இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே வீதி விபத்தைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். வாகனம், வேகம், திருப்பம் என்பனவெல்லாம் பொலிஸாரும் பத்திரிகை நிருபர்களும் பேசவேண்டிய சங்கதிகள். கவிதைக்கும் காவியத்துக்கும் அவற்றோடு என்ன உறவு? இந்தக் கேள்விக்கு நற்றிணையிலுள்ள ஒரு நெய்தற்பாட்டு நல்ல விடை வைத்திருக்கிறது. பாடியவர் உலோச்சனார். தலைவன் வரவில்லையே என்று தலைவி வருந்துகிறாள். தோழி ஆறுதல் கூறுகிறாள். கடற்கரை மணலில் நிலவு விரிந்துவிட்டது, இனி அவன் வருவான் என்கிறாள். அந்த நிலவுக்கு அவள் சொல்லும் பயனைக் கேளுங்கள். தேர்ச்சக்கரத்தின் அருகே நண்டுகள் ஓடித் திரியும். அவை நசுங்கிவிடாதபடி பார்த்துக் கடிவாள வாரைக் கவனமாகப் பிடித்துப் பாகன் தேரைச் செலுத்துவதற்கு அந்த வெளிச்சம் உதவும்!

காதலியைக் காண வருகிறவனுக்கு எவ்வளவு அவசரம் இருக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. அந்த அவசரத்துக்கு நடுவிலும் மணலில் ஊரும் ஒரு நண்டுக்குத் தேர் வழிவிடுகிறது. சங்கப் புலவன் தன் தலைவனை உயர்ந்தவன் என்று காட்டுவதற்கு எடுத்துக்கொண்ட அடையாளங்களில் இதுவும் ஒன்று. தேரின் விலையை அவன் சொல்லவில்லை. குதிரையின் வேகத்தைப் புகழவில்லை. சக்கரத்துக்கு அடியில் வரக்கூடிய சிற்றுயிரை அந்தத் தேர் எப்படி நடத்தியது என்று மட்டும் சொன்னான்.

அகநானூற்றின் நான்காம் பாட்டிலும் இதே பண்பைக் காணலாம். குறுங்குடி மருதனார் பாடியது அது. கார்காலம் வந்துவிட்டது. வினைமுடித்த தலைவன் வீடு திரும்புகிறான். வழியிலுள்ள சோலையிலே வண்டுகள் துணையோடு தேனருந்திக் கொண்டிருக்கின்றன. தேர்மணியின் ஓசை கேட்டால் அவை கலங்கிப் போகுமே என்று அஞ்சி, மணிகளின் நாவையே அவன் கட்டிவிட்டானாம். முல்லைத்திணைப் பாடல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், இந்தத் தலைவர்கள் பொறுமைசாலிகள் அல்லர். பாகனே, விரைந்து செலுத்து, அவள் காத்திருப்பாள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வருபவர்கள். ஆனாலும் அந்த விரைவுக்கு ஓர் எல்லை இருந்தது. தன் அவசரம் தன்னுடையது, அதற்கு விலைகொடுக்க வேண்டியவை வழியிலிருக்கும் உயிர்கள் அல்ல என்ற எல்லை அது.

இன்று பாடசாலை விடும் நேரத்திலே நம்முடைய சந்திகளில் கேட்கும் ஹோர்ன் சத்தத்தை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். வண்டுக்காக மணிநாவைக் கட்டிய மரபிலே வந்தவர்கள், மஞ்சள் கடவையில் நிற்கும் குழந்தையின் காதருகே ஹோர்னை அழுத்துகிறோம்.

மூன்றாவதாக ஒரு தேரும் உண்டு. அது வழிவிடவில்லை. மனுநீதிச் சோழனின் கதையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சிலப்பதிகாரத்திலே பாண்டியன் அவையில் நின்று கண்ணகி அதைச் சொல்கிறாள். பெரியபுராணத்திலே சேக்கிழார் அதனை விரித்துப் பாடுகிறார். திருவாரூர் வீதியிலே இளவரசன் தேரேறிச் செல்லும்போது ஒரு பசுங்கன்று துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டு இறக்கிறது. ஏறக்குறைய இதே கதையை நமது இலங்கை மண்ணிலே மகாவம்சம் எல்லாளனைப் பற்றிச் சொல்கிறது. திஸ்ஸ வாவியை நோக்கித் தேரிற் சென்ற எல்லாளனின் மகன், தாயுடன் வழியிலே படுத்திருந்த கன்றின் கழுத்தில் தன்னையறியாமல் சக்கரத்தை ஏற்றிவிட்டான். தாய்ப்பசு ஆராய்ச்சிமணியை இழுத்தது. மன்னன் அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துண்டிக்கச் செய்தான் என்கிறது அந்நூல்.

நாம் பெரும்பாலும் இந்தக் கதையோடு நிறுத்திக்கொள்கிறோம். மகாவம்சம் எல்லாளனைப் பற்றி இன்னொரு வீதி விபத்தையும் சொல்கிறது. அதைச் செய்தது மன்னன் சென்ற தேரே. பிக்குகளை அழைப்பதற்காகச் சேதிய மலைக்குச் சென்று திரும்பும் வழியில் அவனுடைய தேரின் நுகமுனை ஒரு தூபியில் இடித்துவிட்டது. பதினைந்து கற்கள் பெயர்ந்தன. அமைச்சர்கள் அதை எடுத்துச் சொன்னதும் மன்னன் இறங்கி வீதியிலே கிடந்து, இந்தச் சக்கரத்தால் என் தலையையும் அறுத்துவிடுங்கள் என்றான். வேண்டுமென்று செய்யவில்லையே என்று அவன் வாதாடவில்லை. பிறர்க்குத் தீங்கு செய்வதை எங்கள் ஆசான் விரும்பமாட்டார், தூபியைத் திருத்தி மன்னிப்புப் பெறுங்கள் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். பதினைந்து கற்களுக்காகப் பதினையாயிரம் கஹாபணம் செலவிட்டான் எல்லாளன்.

தலையை வாங்கும் தண்டனையை இன்று யாரும் விரும்பமாட்டோம். ஆனால் தேரிலிருந்து இறங்கியதைக் கவனியுங்கள். இடித்த பிறகு நிற்காமல் ஓடிவிடும் வாகனங்களைப் பற்றிய செய்திகளைப் படிக்கிறோம். நாட்டின் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் விபத்து நேர்ந்தால் வாகனத்தை நிறுத்து என்றே சாரதிக்குக் கட்டளையிடுகிறது. முடிமன்னனே இறங்கிய இடத்தில் நமக்கு இறங்குவதற்கு என்ன தயக்கம்?

நண்டு, வண்டு, கன்று என்ற இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இனி நம்முடைய வீதிக்கு வருவோம்.

மட்டக்களப்பின் நில அமைப்பை வெளியூர் நேயர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது எங்கள் வாவி. அதன் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. பழைய நகரமான புளியந்தீவு, பெயருக்கேற்ப வாவியின் நடுவே ஒரு தீவு. ஆகவே எங்கே போவதென்றாலும் ஒரு பாலத்தையோ ஒரு துறையையோ கடந்தாக வேண்டும். கல்லடிக்குத் தெற்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு. அதன் நடுவே பிரதான வீதி ஓடுகிறது. காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிக்குடி என்று ஊர்கள் அதன்மேல் கோத்த மணிகள்போல வரிசையாக நிற்கின்றன. வீதியிலிருந்து ஒருபக்கம் கடலை நோக்கியும் மறுபக்கம் வாவியை நோக்கியும் ஒழுங்கைகள் பிரிகின்றன. கொழும்புக்குப் போகும் நெடுஞ்சாலையும் அதுதான். பிள்ளை பாடசாலைக்குப் போகும் ஊர்த்தெருவும் அதுதான். அந்த வீதியிலே சில நூறு யாருக்கு ஒரு திருப்பம் உண்டு.

எங்கள் மட்டக்களப்புப் பேச்சுத்தமிழிலே திரும்புவதைக் கிறுகுதல் என்போம். "அந்த ஒழுங்கையால கிறுகுங்க" என்று வழிசொல்வோம். தலைசுற்றலைக் குறிக்கும் கிறுகிறுப்பு என்ற சொல்லும் இதன் பக்கத்திலேதான் இருக்கிறது. இந்த வீதியில் மாலை நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் கிறுகுவதைப் பார்த்தால் இரண்டு சொற்களும் ஏன் அயலவரானார்கள் என்று விளங்கும்!

முன்பெல்லாம் இந்த வீதி எங்களைக் காக்கவைத்தது. கல்லடியிலே 1924ஆம் ஆண்டு கட்டப்பட்ட இரும்புப்பாலம், ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரால் லேடி மனிங் பாலம் எனப்பட்டது. அகலம் குறைந்தது. ஒரு பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும்வரை மறுபக்கத்து வாகனங்கள் நிற்கவேண்டும். எத்தனை அவசரம் என்றாலும் பாலம் விடாது. நின்ற நேரத்தில் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து வாவியைக் கண்டவர்கள் நாங்கள். இந்தப் பாலத்தடியிலேதான் முழுநிலாக் காலத்தில் மீன்பாடும் என்பார்கள். தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கவேண்டும். அவசரக்காரனுக்கு அந்தப் பாட்டுக் கேட்காது.

தெற்கே மண்முனைத் துறையிலே பாதைப் படகு எங்களைக் காக்கவைத்தது. கொக்கட்டிச்சோலைக்குப் போகவேண்டிய ஆளும் சைக்கிளும் தயிர்முட்டியும் நெல்மூட்டையும் படகு வரும்வரை துறையில் நின்றன.

இவற்றையெல்லாம்விடக் கொடிய காத்திருப்பு ஒன்றும் இருந்தது. யுத்தகாலத்துச் சோதனைச் சாவடிகள். பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, வெயிலிலே வரிசையாக நடந்து, மறுபக்கம் மீண்டும் ஏறவேண்டும். பத்துக் கிலோமீற்றர் பயணத்துக்கு அரைநாள் போன நாட்களை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. அங்கே நின்றது எங்கள் விருப்பத்தால் அல்ல. எங்களை நிறுத்தினார்கள்.

2009இல் யுத்தம் முடிந்தது. சாவடிகள் மெல்ல மெல்ல அகன்றன. வீதிகள் அகலமாகிக் காபெற் பூசிக்கொண்டன. 2013 மார்ச்சில் ஜப்பானிய உதவியுடன் கல்லடியில் இருவழிப் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. படகுக்குக் காத்திருந்த படுவான்கரை, சில நிமிடங்களில் எழுவான்கரையைத் தொட்டது. நோயாளியும் கர்ப்பிணியும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர்கிறார்கள். இவை பெரும் நன்மைகள். இவற்றைக் குறைசொல்ல நான் வரவில்லை.

ஆனால் ஒன்று நேர்ந்துவிட்டது. பல ஆண்டுகளாகப் பாலமும் படகும் துப்பாக்கியும் எங்களை நிறுத்தின. நிற்பது என்றாலே ஒருவன் எம்மை அடக்குகிறான் என்ற கசப்பு எங்கள் உடம்பில் ஊறிவிட்டது. தடைகள் நீங்கியதும், இனி எவனுக்காகவும் நிற்கமாட்டேன் என்ற ஒரு வேகம் பிறந்தது. அதன் காரணம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் நிறுத்தப்படுவது வேறு, நிற்பது வேறு. முன்னது அச்சத்தால் நேர்வது. பின்னது, என்னால் போகமுடியும், ஆனாலும் அந்தக் கிழவி கடக்கட்டும் என்று ஒருவன் தானாகச் செய்வது. விடுதலை பெற்ற மனிதன் ஒருவனால் மட்டுமே இரண்டாவது வகையில் நிற்கமுடியும். நற்றிணைத் தேருக்கு முன்னால் சாவடி ஏதும் இருக்கவில்லை. அது நண்டுக்காகத் தானே ஒதுங்கியது.

அவசரத்தால் நாம் எவ்வளவு நேரத்தைச் சேமிக்கிறோம் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். புதிய கல்லடிப் பாலம் ஏறத்தாழ 290 மீற்றர் நீளம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 26 செக்கன் ஆகும். 60 கிலோமீற்றர் வேகத்தில் 17 செக்கனளவு. மிச்சம் ஒன்பது செக்கன். பாலத்தில் முந்தி, எதிரே வருபவனை ஓரங்கட்டி, மூன்று தடவை ஹோர்ன் அடித்துச் சம்பாதித்த முழு ஆதாயம் அதுதான். அந்த ஒன்பது செக்கனைக் கொண்டுபோய் அக்கரையில் என்ன செய்தீர்கள் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

செலவுக் கணக்கையும் பார்க்கவேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடும். கண் கண்டதை மூளை உணர்ந்து கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஒரு செக்கனாவது போகும். அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே வாகனம் 17 மீற்றர் போய்விட்டது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். நகர்ப்புற வீதியில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 50, முச்சக்கர வண்டிக்கு 40 என்று எல்லை வகுத்தவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் வகுத்தார்கள்.

நேர்வீதியில் பிழைத்துவிடலாம். திருப்பத்திலே அவசரம் மன்னிக்கப்படுவதில்லை. நம் கோயில்களிலே தேர் இழுப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நேர்வீதியில் அரோகரா ஒலியோடு வடம் பிடித்து ஓடுவார்கள். வீதிமுனை வந்ததும் ஓட்டம் நின்றுவிடும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தின் அருகில் வருவார்கள். வடம் பிடித்தவர்கள் அவர்களுடைய குரலுக்காகக் காத்திருப்பார்கள். அங்குலம் அங்குலமாகத் தேர் திரும்பும். ஆயிரம் பேர் இழுக்க வல்ல இடத்திலே, கட்டை போடுகிற ஒருவனின் சொல்லுக்கு எல்லோரும் அடங்குவார்கள். திருப்பத்தின் ஆபத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள்.

நம்முடைய நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்கின்றன. ஆகவே வலப்பக்கம் திரும்புகிறவன் எதிரே வருபவனின் பாதையை அறுத்துக்கொண்டு போகவேண்டும். வீதியின் இடது ஓரத்திலே போய்க்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள், ஒழுங்கை வாய் வந்ததும் திடீரென்று வலப்பக்கம் வெட்டுவதை நாள்தோறும் காண்கிறோம். சிலர் சிக்னல் விளக்கைப் போட்ட அதே கணத்தில் திரும்புகிறார்கள். முறை அதுவல்ல. முன்கூட்டியே சிக்னல் காட்டி, பின்னால் வருவதைக் கண்ணாடியிலும் வலத்தோளுக்கு மேலாலும் பார்த்து, வீதியின் நடுக்கோட்டை அண்மி, எதிரே வருபவை போகும்வரை நின்று, பிறகு மூலையை வெட்டாமல் திரும்பவேண்டும். இதற்கு வேண்டியது பத்துச் செக்கன் பொறுமை.

இடப்பக்கத் திருப்பம் இலகுவானது என்று நினைக்கிறோம். அதுவும் ஆளைக் கொல்லும். பஸ்ஸோ லொறியோ திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது. உள்பக்கமாக ஒதுங்கி, மூலையை அண்டிப் போகும். முன்சக்கரம் விலகிப் போய்விட்டது என்று நம்பி ஓரத்தில் நிற்கும் சைக்கிள்காரனைப் பின்சக்கரம் வந்து பிடிக்கும். சாரதி ஆசனத்திலிருந்து அந்த மூலை தெரியாமற் போவதும் உண்டு. ஆகவே திரும்பும் பெரிய வாகனத்தின் இடப்பக்க இடுக்கிலே நுழையாதீர்கள் என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று, முந்திவிட்டுத் திரும்புவது. எங்கள் ஊருக்குப் படுவான்கரையிலிருந்து தயிர் கொண்டுவரும் ஒரு பெரியவர் இருந்தார். சைக்கிளின் பின்னால் பலகை கட்டி, அதன்மேல் முட்டிகளை அடுக்கி, ஓரமாக ஆறுதலாக வருவார். ஒருநாள் அவரை முந்திய ஒரு வான், முந்திய மறுகணமே அவருக்கு முன்னால் இடப்பக்க ஒழுங்கைக்குள் கிறுகியது. நாங்கள் ஓடிப் போனபோது வீதியெல்லாம் தயிரும் ஓடும். அதனிடையே அவர் கிடந்தார். வானை ஓட்டிய இளைஞன் நடுங்கிக்கொண்டு நின்றான். "ஒரு செக்கன்ல கிறுகிடலாம் எண்டு நினைச்சன் அண்ணன்" என்று வந்தவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னான். கெட்டவன் அல்லன் அவன். அவனே பெரியவரைத் தூக்கி ஏற்றினான். பெரியவர் உயிர் தப்பினார். ஆனால் அந்தக் கால் பிறகு சைக்கிள் மிதிக்கவில்லை. எருமைகளை விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அவர் பின்னால் ஒரு நிமிடம் பொறுத்து வந்து திரும்பியிருந்தால், ஒரு குடும்பத்தின் பிழைப்பு முறிந்திராது. அவசரப்பட்டவன் வானில் இருந்தான். அதற்கு விலைகொடுத்தவர் அவசரமே இல்லாத மனிதர்.

பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்தில் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பாதசாரிகளும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்பவர்களுமே. ஐந்து வயதுக்கும் இருபத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களின் சாவுக்கு முதற்காரணம் நோயல்ல, வீதி விபத்து. நமது சின்னஞ்சிறு நாட்டிலும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் இறந்து வருகிறார்கள். யுத்தத்திலிருந்து காப்பாற்றி வளர்த்த பிள்ளையைக் காபெற் வீதியில் பறிகொடுத்த தாய்மார் எங்கள் பகுதியில் உண்டு. அவர்களுக்கு முன்னால் எந்தப் புள்ளிவிபரமும் சிறியது.

மோட்டார் வாகன யுகத்தின் முதற்பலி என்று பலரும் குறிப்பிடும் மரணமும் ஒரு வளைவிலேதான் நிகழ்ந்தது. 1869 ஆகஸ்ட் 31ஆம் திகதி, அயர்லாந்தின் பார்சன்ஸ்டவுன் என்ற ஊரில், நீராவி வண்டியொன்று வளைவில் திரும்பியபோது மேரி வார்ட் என்ற பெண்மணி தூக்கியெறியப்பட்டு அதன் சக்கரத்தில் அகப்பட்டு இறந்தார். நுணுக்குக்காட்டியின் வழியே கண்ட சின்னஞ்சிறு உலகத்தைப் படமாக வரைந்து நூல்கள் எழுதியவர் அவர். இலக்கிய உலகிலும் ஓர் இழப்பைச் சொல்லலாம். 1960 ஜனவரி 4ஆம் திகதி, பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் கமுய் தம் பதிப்பாளர் நண்பர் ஓட்டிய காரில் பாரிசுக்குப் போகும் வழியில், கார் மரத்தில் மோதி இறந்தார். வயது நாற்பத்தாறு. அவருடைய சட்டைப் பையில் அதே பயணத்துக்கான ரயில் ரிக்கற் இருந்தது. பையில் இருந்த முற்றுப்பெறாத நாவலின் கையெழுத்துப்படி 1994இல்தான் நூலாயிற்று. முற்றுப்பெறாத நிலையிலேயே!

சாரதிமாரை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. ஒரு நாளைக்கு இத்தனை ஓட்டம் ஓடினால்தான் ஓட்டோவின் தவணைப் பணம் கட்டலாம் என்ற நிலையில் ஒருவர் இருக்கிறார். முன்னால் போகும் பஸ் ஆட்களை ஏற்றிவிடுமே என்ற கவலையில் இன்னொருவர் இருக்கிறார். மீன் பழுதாகுமுன் சந்தைக்குப் போகவேண்டியவரும் உண்டு. மங்கிப்போன மஞ்சள் கடவை, எரியாத வீதிவிளக்கு, இரவிலே நடுவீதியில் படுத்திருக்கும் மாடுகள் எல்லாம் வேறுபலருடைய பொறுப்பு. மாட்டின் உரிமையாளரும் மாநகர சபையும் பிரதேச சபையும் இதில் பங்காளிகளே. எல்லாளன் கதையிலும் கன்று படுத்திருந்தது வழியிலேதான்.

இன்னொரு பங்காளியையும் மறக்கக்கூடாது. அவர் பின் ஆசனத்தில் இருப்பவர். முல்லைப்பாட்டுத் தலைவனைப்போல விரைந்து செலுத்து என்று சொல்பவர். "தம்பி, கெதியா விடுங்க, பஸ் போயிரும்" என்கிறோம். அந்தத் தம்பி நமக்காகத்தான் அடுத்த சந்தியில் குறுக்கே வெட்டுகிறான். பத்து நிமிடம் முன்னதாக வீட்டைவிட்டுப் புறப்படாத நம்முடைய சோம்பலை அவனுடைய சக்கரத்தில் ஏற்றிவிடுகிறோம். "ஆறுதலாப் போங்க தம்பி" என்ற மூன்று சொற்களைச் சொல்ல நமக்கு ஒரு செலவுமில்லை.

வாகனத்தைச் செலுத்தும் நேயர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மூச்சு நேரம் பொறுங்கள். முன்னால் ஒரு வாகனம் கடவையருகே நின்றால், ஏன் நிற்கிறது என்று கேளுங்கள், முந்தாதீர்கள். அதன் மறைவிலே ஒரு பிள்ளை கடந்துகொண்டிருக்கும். தவறி ஏதும் நேர்ந்துவிட்டால், எல்லாளனைப்போல இறங்குங்கள். பெரியபுராணத்திலே இறைவன் எழுந்தருளிக் கன்றையும் இளவரசனையும் உயிர்ப்பித்தான். நம் வீதிகளில் அப்படி யாரும் எழுந்து வந்ததை நாம் கண்டதில்லை.

உலோச்சனார் காலத்துப் பாகனுக்கு நிலவு ஒன்றுதான் வெளிச்சம். அதிலே நண்டைக் கண்டு அவன் தேரை ஒதுக்கினான். நமக்கு முன்விளக்கு இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, பிரேக் இருக்கிறது, அகலமான பாலம் இருக்கிறது. வீதியின் ஓரத்திலே தயிர்முட்டியோடும் புத்தகப் பையோடும் போகிறவர்கள் நமக்குத் தெரிகிறார்கள். அவர்களுக்கு வழிவிடுவோம்.